ஒரு காம்பில் ஏழு பூக்கள்

ஜனவரி 4

இரண்டு நோட்டுகள். பச்சை அட்டை போட்டது பண்ணையின் பதிவேடு. அதில் எண்கள் மட்டும். பேராசிரியர் பார்ப்பார். இது நீல அட்டை. யாரும் பார்க்கமாட்டார்கள். ஆகவே இதில் உண்மையை மட்டும் எழுதுவதாக முடிவு.

மேல்மலைக்கு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. குளிர், மேகம், பட்டாணி. சாதாரணப் பட்டாணிச் செடி இலைக்கணுவில் ஒரு காம்பு விடும். காம்பின் நுனியில் ஒரு பூ, மிஞ்சினால் இரண்டு. அதோடு திருப்தி அடைந்துவிடும். அதை மூன்றாக, நான்காக, முடிந்தால் ஐந்தாக ஆக்குவது என் வேலை. பூ கூடினால் காய் கூடும். கொத்தாகக் காய்த்தால் பறிப்பதும் சுலபம். இதை ஆராய்ச்சித் திட்டத்தின் முதல் பக்கத்தில் பன்னிரண்டு வரியில் எழுதியிருக்கிறேன்.

குருவம்மா ஒரே வரியில் கேட்டாள், நாலு பூ வந்தால் நாலும் காயாகி நிற்குமா என்று. நிற்கும் என்றேன். பச்சை நோட்டில் இந்த உரையாடல் இல்லை.

குருவம்மா பண்ணையில் தினக்கூலி. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். நிலக்கோட்டையிலிருந்து இந்த மலைக்கு வாக்கப்பட்டு வந்தவள். அங்கே பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மல்லிகை கட்ட உட்கார்ந்துவிடுவார்களாம். இங்கே மல்லிகை பூக்காது. விரல்கள் சும்மா இருக்க மறுக்கின்றன. வேலியோரத்து மஞ்சள் பூ, முள்ளங்கிப் பூ, எது கிடைத்தாலும் கட்டிவிடுகிறாள். சென்ற வாரம் காய்ந்த மிளகாயைச் சரமாகக் கட்டி அலுவலக ஜன்னலில் தொங்கவிட்டிருந்தாள். அலங்காரமாம். எனக்குத் தும்மல்.

ஜனவரி 7

பட்டாணிப் பூவுக்கு அவசரம். விரிவதற்குள், மொட்டுக்குள்ளேயே, தன் மகரந்தத்தால் தானே கருவுற்றுவிடும். வேறு செடியின் மகரந்தம் உள்ளே போக வேண்டும் என்றால் நாம் முந்த வேண்டும். மொட்டை ஒரு நாள் முன்பே பிரித்து, உள்ளே இருக்கும் பத்து மகரந்தப் பைகளையும் சாமணத்தால் கிள்ளி எடுத்து, பிறகு வெளி மகரந்தத்தைத் தடவ வேண்டும்.

நாற்பது மொட்டுகளுக்குச் செய்திருந்தேன். முப்பத்தேழு உதிர்ந்துவிட்டன.

காற்று.

ஜனவரி 8

காற்று இல்லை. நேற்று புதிதாகச் செய்த எட்டில் ஆறு உதிர்ந்தன. சாமணம் சரியில்லை.

ஜனவரி 11

ஒன்பதாம் வரிசை, பதினான்காவது செடி. பதிவேட்டில் 9/14. காலை ஏழே கால். ஒரு காம்பில் ஐந்து பூ. (கிட்டத்தட்ட.)

மூன்று முறை எண்ணினேன். எண்ணும்போது மூச்சை அடக்கிக்கொண்டேன், பூவுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல. பிறகு விருந்தினர் விடுதியின் நான்காவது படிக்கு ஓடினேன். இந்தப் பண்ணையில் செல்போன் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அதுதான். பேராசிரியரிடம் சொன்னேன். அவர் முதல் முறையாக என்னைப் பெயர் சொல்லி அழைத்தார். கார்வண்ணன், ஐந்தா என்றார். ஐந்து சார் என்றேன். போட்டோ கேட்டார். மேகம் இறங்கிவிட்டது என்றேன்.

மேகம் பிறகுதான் இறங்கியது. ஆனால் இறங்கியது.

ஜனவரி 12

போட்டோ எடுக்கப் போனேன். நான்கு. ஐந்தாவது இருந்த இடத்தில் ஊசிமுனை அளவு தழும்பு.

முழங்காலிட்டுச் செடியின் அடியில் தேடிக்கொண்டிருந்தபோது பிரிட்டோ சார் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, எதைத் தொலைத்தேன் என்று விசாரித்தார். அவர் பூண்டு விஞ்ஞானி. அடுத்த பாத்தி முழுக்க அவருடையது. அவர் வருவதற்கு முன்பே வாசனை வந்துவிடும், காற்று நம் பக்கம் அடித்தால். பொத்தான் என்றேன். சட்டையில் எல்லாப் பொத்தானும் இருப்பதை இருவரும் பார்த்தோம்.

ஜனவரி 15

பொங்கல். பண்ணை விடுமுறை. மெஸ்ஸில் பூரி, பட்டாணிக் குருமா. பட்டாணி எந்த வரிசையிலிருந்து வந்தது என்று கேட்கவில்லை. இரண்டாவது முறை வாங்கிக்கொண்டேன்.

ஜனவரி 20

கடிதம் வந்திருக்கிறது. பேராசிரியர் அரையாண்டு அறிக்கையில் ஐந்தைப் போட்டுவிட்டார். தடித்த எழுத்தில், தனி வரியில். பிப்ரவரி ஆறாம் தேதி இருவர் குழு நேரில் வந்து பார்க்கும். திருப்திப்பட்டால் என் பாத்தியும் உதவித்தொகையும் தொடரும். இல்லையென்றால் மார்ச் முடிவில் பட்டாணியைப் பிடுங்கிவிட்டு நிலத்தைப் பூண்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். நான் சேலத்துக்கு பஸ் ஏற வேண்டும். நான்கு தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த விதைகள் ஏதாவது அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவாகும்.

பிரிட்டோ சார் நேற்றே டேப் வைத்து என் பாத்தியை அளந்துகொண்டிருந்தார். நட்பாகத்தான். டேப்பின் ஒரு முனையை நான்தான் பிடித்துக்கொண்டேன்.

ஜனவரி 25

வெயில். இந்த உயரத்தில், இந்த மாதத்தில் இப்படி அடிக்கக் கூடாது. காம்பில் பூ கூட வேண்டும் என்றால் குளிர் வேண்டும். வெப்பம் ஏறினால் செடி கஞ்சத்தனம் காட்டும். 9/14இன் மேல்கணுக்களில் புதிதாக வந்த காம்புகளில் மூன்று மூன்றுதான். ஒன்றில் இரண்டு. நான்கு பூத்த காம்பிலும் இரண்டு உதிர்ந்துவிட்டன, காயாகாமலே.

பதினொரு மணி முதல் மூன்று மணி வரை செடிக்குக் குடை பிடித்தேன். களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மாப்பிள்ளை ஊர்வலத்தில் குடை பிடிக்கிறவன்கூட இடையில் தண்ணீர் குடிப்பான் என்று குருவம்மா அவர்களிடம் சொன்னது எனக்கும் கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் சொன்னாள்.

ஜனவரி 29

மூன்று. மூன்று. இரண்டு.

பிப்ரவரி 1

எண் என்பது என்ன? பூ தன்னை எண்ணிக்கொள்வதில்லை. எண்ணுகிறவன் ஒருவன் வேண்டும். அப்படியானால் எண் பூவில் இருக்கிறதா, எண்ணுகிறவனில் இருக்கிறதா?

இதைப் பேராசிரியரிடம் கேட்கலாம் என்று நான்காவது படி ஏறினேன். சிக்னல் இருந்தது. ஐந்து எப்படி இருக்கிறது என்று கேட்டார். நலம் என்றேன்.

பிப்ரவரி 4

இன்று களையெடுப்பு நடந்தபோது, குறிப்பாக யாரிடமும் அல்ல, வெள்ளிக்கிழமை மட்டும் 9/14இல் ஐந்து பூ இருந்தால் போதும் என்று சொன்னேன். குருவம்மா பக்கத்தில் இருந்தாள். தற்செயல். நிலக்கோட்டைக்காரர்களின் விரல்களைப் பற்றியும் ஏதோ சொன்னதாக நினைவு. பொதுவாக.

அவள் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு, பாத்தி பூண்டுக்குப் போவது உறுதிதானா என்று கேட்டாள். குழுவுக்குப் பிடிக்காவிட்டால் போகும் என்றேன். அப்போது தாங்கள் எல்லாரும் பூண்டு வேலைக்குப் போக வேண்டுமா? ஆமாம்.

"பூண்டு பிரிச்ச கையில பூ தொட முடியாது சார். ஒரு வாரத்துக்கு நாத்தம் போகாது."

களைக்கொத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

பிப்ரவரி 5

மதியம் பஸ்ஸில் குருவம்மாவுக்கு ஒரு பொட்டலம் வந்தது. கீழே வத்தலக்குண்டிலிருந்து, டிரைவர் கையில். வாழைநார். இந்தக் குளிரில் வாழை ஏது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஆராய்ச்சி செய்பவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

பிப்ரவரி 6

நீளமாக எழுத வேண்டிய நாள். வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஏழு மணி. 9/14. நடுக் காம்பில் ஏழு பூக்கள்.

ஏழு. வெள்ளையாக, பனி ஒட்டிக்கொண்டு, நெருக்கமாக. பக்கத்துச் செடிகளிலிருந்து நாலைந்து பூ குறைந்திருப்பது எனக்கு மட்டும் தெரியும். குருவம்மா நாரை மயிரிழையாகக் கிழித்து, காம்போடு காம்பாகச் சுற்றியிருந்தாள். முடிச்சைக் கண்டுபிடிக்க எனக்கே லென்ஸ் தேவைப்பட்டது.

ஏன் ஏழு என்று கேட்டேன். ஐந்து போதும் என்றுதானே.

"அஞ்சு கட்டினா இடைவெளி தெரியுது சார். காம்பு காம்பாத் தெரிஞ்சா அது பூவா?"

அவளுடைய ஊரில் நெருக்கமாகக் கட்டாத சரத்தை யாரும் வாங்கமாட்டார்களாம். அறிக்கையில் ஐந்து, செடியில் ஏழு. இரண்டை அறுத்துவிடலாம் என்று பிளேடை எடுத்தேன். ஜீப் ஹாரன் கேட்டது. பிளேடைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அறுப்பதற்கு நேரமே இல்லை என்று எழுதத் தோன்றுகிறது. ஒரு நிமிடம் இருந்தது.

குழுவின் தலைவர் டாக்டர் வேதமூர்த்தி. குரங்குக் குல்லா, கம்பளிக் கையுறை. உறுப்பினர் டாக்டர் கமலவேணி, விதை நுட்பவியல், ஐம்பதை ஒட்டிய வயது. ஜீப்பில் வாந்தி எடுத்த களைப்பு முகத்தில் இருந்தது. பிரிட்டோ சாரும் வேலியருகே வந்து நின்றார்.

வேதமூர்த்தி பேனா முனையால் ஒவ்வொரு பூவாகத் தொட்டு எண்ணினார். ஏழுக்கு வந்தார். கையுறையைக் கழற்றிவிட்டு மறுபடி எண்ணினார். காம்புக்குப் பக்கத்தில் தன் முகத்தை வைத்துப் போட்டோ எடுக்கச் சொன்னார். நான்தான் எடுத்தேன். முப்பது வருடத்தில் இப்படிப் பார்த்ததில்லை என்று பிரிட்டோ சாரிடம் சொன்னார். பிரிட்டோ சார் தன் டேப்பைச் சட்டைப் பைக்குள் தள்ளினார்.

வேதமூர்த்தி முன்னே நடந்தார், போட்டோவை அனுப்ப சிக்னல் தேடி. கமலவேணி பின்தங்கினார். செடியிடம் குனிந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தார். பட்டாணிக் காம்பில் பூக்கள் எப்போதும் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். இதில் இரண்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், மறுபடி இரண்டு இந்தப் பக்கம், நுனியில் ஒன்று. மல்லிகைச் சரத்தில் அப்படித்தான் இருக்கும்.

"என்ன நார்?" என்று கேட்டார்.

"வாழை, மேடம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்குக் கேட்டது.

அவர் தலையை ஆட்டினார், பட்டுப் புடவை என்ன ரகம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர்போல. கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு விடுதியை நோக்கி நடந்தார். திட்டியிருந்தால் மறுத்திருப்பேன். மறுப்பதற்கும் ஒன்றும் தரவில்லை.

விடுதியில், மதியம். இங்கே ஒரு வழக்கம் உண்டு. குழுவின் அறிக்கையைக் குழு எழுதாது. யாரைப் பார்வையிட வந்தார்களோ அவனே எழுதுவான். அவர்கள் சொல்லுவார்கள், கையெழுத்துப் போடுவார்கள். ஆகவே என்னைப் பற்றிய தீர்ப்பை என் கையெழுத்திலேயே எழுத உட்கார்ந்தேன். வேதமூர்த்தி சொல்லத் தொடங்கினார்: ஒன்பதாம் வரிசை பதினான்காம் செடியில், ஒரு காம்பில் ஏழு பூக்கள் இருப்பது குழுவால் நேரில் எண்ணி உறுதி செய்யப்பட்டது.

'ஒரு காம்பில்' வரை எழுதினேன். பேனா நின்றது.

கமலவேணி முறுக்கு தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. முறுக்கை உடைக்கும் சத்தம் மட்டும்.

பச்சை நோட்டில் ஒரு பொய் எழுதியிருக்கிறேன். நீல நோட்டில், இப்போது புரட்டிப் பார்த்தால், பல. ஆனால் இது மூன்றாவது தாள். இதில் மற்றவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். இதை நம்பி வேறு எங்கோ வேறு ஒருவன் என் விதையைக் கேட்டு வாங்கி, மண்ணில் போட்டு, மூன்று மாதம் தண்ணீர் ஊற்றுவான். அவனுடைய ஊரில் குருவம்மா இருக்கமாட்டாள்.

மூன்று சார் என்றேன்.

எது மூன்று என்றார். பூ என்றேன். இன்றைக்கு அதிகபட்சம் மூன்று. எல்லாச் செடியும் சேர்த்து சராசரி இரண்டே கால்.

அவர் சிரித்தார். நான் வெயிலில் நின்றதால் தலை சுற்றுகிறது என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் தன்னம்பிக்கை இல்லை என்று கமலவேணியிடம் சொன்னார். பிறகு தன் செல்போனைக் காட்டினார். காய்கறி விஞ்ஞானிகள் வாட்ஸாப் குழுவில் அவர் முகமும் ஏழு பூவும். அதற்குள் இருபத்திரண்டு கட்டைவிரல்கள். படத்தைப் பெரிதாக்கி எனக்கே எண்ணிக் காட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று.

கட்டிய பூ சார் என்றேன். நம்பவில்லை. பட்டாணிப் பூக்காம்பு நூலைவிட மெல்லியது, அதில் யாரால் கட்ட முடியும் என்றார். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. பதில் தேநீர் பிளாஸ்க்கோடு வாசலில் நின்றுகொண்டிருந்தது.

கமலவேணி அவளை உள்ளே அழைத்தார்.

"நீங்க நிலக்கோட்டையா?"

"ஆமாங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"எங்க சித்தி வத்தலக்குண்டு. முடிச்சைப் பாத்தேன்."

இரண்டு பேரும் ஒரே கல்யாண வீட்டில் சந்தித்தவர்கள்போல் சிரித்துக்கொண்டார்கள். எங்கள் இருவரையும் யாரும் கவனிக்கவில்லை. கமலவேணி மேஜையில் இருந்த பூச்சாடியைக் காட்டி, சாருக்கு ஒரு தடவை செய்து காட்டும்படி கேட்டார். கட்டுவதற்குக் காம்பு வேண்டுமே என்றாள் குருவம்மா. மேஜையைப் பார்த்தாள். தலைவரின் பேனாவை எடுத்தாள். முந்தானையில் செருகியிருந்த நாரை உருவினாள். விரல்கள் எங்கே போயின, எங்கே வந்தன என்று தெரியவில்லை. நான் தண்ணீர் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் முடிந்துவிட்டது. பேனாவை அவர் முன்னால் வைத்தாள்.

பேனா பூத்திருந்தது. மூன்று பூ, மூடிக்குக் கீழே, இயற்கையாக.

வேதமூர்த்தி பேனாவை எடுத்து ஒரு பூவை மெல்ல இழுத்தார். வரவில்லை. குல்லாவைக் கழற்றினார். அதன் அடியில் அவர் இன்னும் வயதானவராக இருந்தார்.

அரையாண்டு அறிக்கையில் இருந்த ஐந்தைப் பற்றிக் கேட்டார். நாலும் ஒரு மொட்டும் என்றேன். அந்த மொட்டு மறுநாள் உதிர்ந்துவிட்டது என்றேன். எங்கே உதிர்ந்தது என்று கேட்டார். தேடினேன், கிடைக்கவில்லை என்றேன். உண்மையைச் சொல்லும்போது அது இவ்வளவு அபத்தமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அவர் குரல் உயர்ந்தது. திட்டம் ரத்து, பாத்தி இன்றைக்கே பூண்டுக்கு, நானே என் கையால் எழுத வேண்டும். எழுதத் தாளை நேராக்கினேன். அப்போது குருவம்மா சொன்னாள்.

"சார் கட்டச் சொல்லலைங்க. நானாத்தான் கட்டினேன்."

வேதமூர்த்தி என்னைப் பார்த்தார். ஒரு கதவு திறந்தே இருந்தது. பேசாமல் இருந்தால் போதும். வெளியே போகிறவள் தினக்கூலி. உள்ளே இருப்பவன் ஆராய்ச்சியாளன். யாரும் இரண்டாவது கேள்வி கேட்டிருக்கமாட்டார்கள்.

நான்காம் தேதி இந்த நோட்டில் எழுதியிருப்பதை இப்போது படித்துப் பார்த்தேன். நான் எதுவும் சொல்லாததுபோலத்தான் இருக்கிறது. நன்றாக எழுதப்பட்ட பத்தி.

"நான்தான் சொன்னேன் சார்," என்றேன். "அஞ்சு கேட்டேன். ஏழு கட்டினது மட்டும் அவங்க."

கமலவேணிக்கு முறுக்கு புரை ஏறியது. தண்ணீர் குடித்து, நெஞ்சைத் தட்டிக்கொண்டு, பிறகு மிகவும் மரியாதையாகத் தலைவரிடம் பேசினார். ரத்து செய்யலாம். ரத்து என்று எழுதினால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால், கட்டின பூவை உண்மை என்று எண்ணியது யார் என்று மேலே கேட்பார்கள். அவர் பேசி முடிக்கும்போது செல்போன் மூன்று முறை சத்தமிட்டது. வாழ்த்துகள்.

வேதமூர்த்தி பேனாவைப் பார்த்தார். ஒரு முறுக்கு எடுத்துக்கொண்டார். பிறகு சொன்னார், நான் எழுதினேன்: அதிகபட்சம் மூன்று பூக்கள். முயற்சி தொடரத் தக்கது. இன்னும் ஒரே ஒரு பருவம் அனுமதிக்கலாம். இனி எண்ணிக்கையை இருவர் சேர்ந்து எடுக்க வேண்டும், அவர்களில் ஒருவர் கார்வண்ணனாக இருக்கலாம்.

'இருக்கலாம்' என்பதை அழுத்திச் சொன்னார்.

வாட்ஸாப் குழுவில், 'படத்தின் கோணம் சரியில்லை, திருத்தம் பின்னர்' என்று போட்டார். அதற்கும் பதினோரு கட்டைவிரல்கள்.

பேனாவைத் திருப்பிக் கேட்கவில்லை. பூவோடே சட்டைப் பையில் செருகிக்கொண்டு ஜீப் ஏறினார்.

பிப்ரவரி 7

நாரை அறுக்கப் போனேன். கட்டிய பூக்கள் இன்னும் வாடவில்லை. ஒரு இதழில்கூட நகக்குறி இல்லை. காம்பு நசுங்கவில்லை. நான் தொட்ட மொட்டு மதியத்துக்குள் பழுத்துவிடும். காற்று என்று எழுதியிருக்கிறேன். காற்று அவளுக்கும்தான் அடித்திருக்கிறது.

அறுத்த பிறகு எண்ணினோம், நானும் குருவம்மாவும். நடுக் காம்பில் அதன் சொந்தப் பூ இரண்டு.

பச்சை நோட்டில் ஜனவரி 11க்கு எதிரே ஐந்தை அடித்து நான்கு என்று எழுதினேன். அடித்ததற்குப் பக்கத்தில் கையெழுத்து. அசிங்கமாக இருக்கிறது. இருக்கட்டும்.

பிப்ரவரி 9

நான்காவது படி. பேராசிரியரிடம் எல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் சத்தம் இல்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து ஐந்தாவது படிக்கு ஏறினேன். சிக்னல் போகவில்லை. அவர் போயிருந்தார்.

பிப்ரவரி 10

அவரே அழைத்தார். ஒரு பருவம்தான் என்றார். பெயர் சொல்லவில்லை.

பிப்ரவரி 13

ஒரு பருவம் என்பது என் கையால் செய்தால் நூறு மொட்டு, ஏழெட்டுக் காய். போதாது. சாமணத்தைக் குருவம்மாவிடம் கொடுத்துக் கற்றுக்கொடுக்கலாம் என்று இரண்டு நாளாக யோசனை. யோசனைக்கு ஏன் இரண்டு நாள் என்பது பற்றி எழுத வேண்டாம்.

பிப்ரவரி 16

இன்று கொடுத்தேன். எந்த வயது மொட்டு, எங்கே பிரிப்பது, ஏன் பத்தையும் எடுக்க வேண்டும் என்று அரைமணி நேரம் விளக்கினேன். ஒன்று விட்டுப்போனால் என்ன என்றாள். உள்ளே இருக்கிறவனே முந்திவிடுவான் என்றேன். சிரித்தாள். களையெடுக்கிறவர்களுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அங்கேயும் சிரிப்பு. என்ன சேர்த்துச் சொன்னாள் என்று தெரியவில்லை.

எந்தச் செடியை எதனோடு சேர்ப்பது என்பதில்தான் சண்டை. நான் 9/14ஐ இன்னொரு நாலு பூ ரகத்தோடு சேர்க்க நினைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. பூத்து உதிர்கிறதையும் பூத்து உதிர்கிறதையும் சேர்த்தால் பிள்ளை என்ன செய்யும் என்றாள். கிணற்று மேட்டில் ஒரு நாட்டுப் பட்டாணி இருக்கிறது. காம்புக்கு இரண்டே பூ. ஆனால் வெயில் அடித்தாலும் மழை அடித்தாலும் இரண்டும் காயாகும். அதைத்தான் சேர்க்க வேண்டுமாம். எதிர்வாதம் யோசித்தேன். பதினைந்து மாதமாகப் பூவை மட்டும் எண்ணியிருக்கிறேன், நின்ற காயை எண்ணவில்லை என்பது நினைவுக்கு வந்தது. சரி என்றேன்.

9/14இன் உச்சியில் கடைசி மொட்டுகள். சாமணத்தை இரண்டு முறை பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். கட்டைவிரல் நகம் போதும். மொட்டைப் பிரித்தது தெரியவில்லை. பத்துப் பைகளும் அவள் உள்ளங்கையில் கிடந்தன, எண்ணிக் காட்டினாள். மகரந்தம் தடவினாள். இதழை மூடினாள். யாரும் திறக்காத மொட்டுபோல இருந்தது.

கலப்பு செய்ததும் மொட்டில் ஒரு சிறிய காகிதச் சீட்டுக் கட்ட வேண்டும். தாய்ச் செடி எண், தந்தைச் செடி எண், தேதி, கடைசியில் செய்தவர் பெயர். முதல் மூன்றையும் எழுதிவிட்டு, உன் பெயரைப் போடட்டுமா என்றேன். கொஞ்சம் பெருந்தன்மையாகவே கேட்டேன் என்று நினைக்கிறேன்.

"உதுந்துபோச்சுன்னா என் பேரு கெடும் சார். காய் பிடிக்கட்டும். பிடிச்சா என் பேரு, இல்லாட்டி உங்க பேரு."

பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டு, சீட்டை அவளிடம் கொடுத்தேன். கட்டுவது அவள் வேலை.

பிப்ரவரி 18

புதன். நாள் முழுக்க மழை. பாத்திக்குப் போக முடியவில்லை.

பிப்ரவரி 19

மேகம். பெண்கள் வேலைக்கு வரவில்லை. ஜன்னல் வழியாகப் பாத்தி தெரியவில்லை. உதிர்ந்திருக்கும். உதிர்ந்திருந்தால் என் பெயர்.

பிப்ரவரி 22

ஞாயிறு. பண்ணையில் யாரும் இல்லை. தனியாகப் போனேன்.

உதிரவில்லை. இதழ்கள் சுருங்கி, நடுவில் பச்சையாக ஒரு நுனி எட்டிப் பார்க்கிறது. கிள்ளினால் நகத்துக்குள் ஒளிந்துகொள்ளும் அளவு. காய்.

அவள் பெயரை எழுத பேனாவைத் திறந்தேன். அவளுக்கு எழுதத் தெரியுமா என்று இதுவரை நான் கேட்டதில்லை. சீட்டைத் திருப்பினேன். காலியாக விட்ட இடத்தில், என்னுடையதைவிட நல்ல கையெழுத்தில், நீல மையில், முதலெழுத்தோடு: பெ. குருவம்மா.

மை கலைந்து பரவியிருந்தது. மழை பெய்தது புதன்கிழமை மட்டும்தான், காய் பிடிக்கும் முன்பு.